வாழையிலை வண்டியில் ஒரு டேங்க் தொப்பி

டேங்க் தொப்பி துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. என் அலமாரி முன்னால் வந்து நிற்கிற எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டைத் தடுப்பது டேங்கின் வேலை. அந்த இரும்புப் பெட்டிக்குள் குறுகி உட்கார்ந்து காடு மேடெல்லாம் போகிறவனுக்கு, தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி இருக்கிற கூரையும் எதிரிதான். வண்டி ஒரு பள்ளத்தில் தொபுக்கென்று இறங்கினால் மண்டை போய் இரும்பில் இடிக்கும். அந்த இடிக்காகச் செய்ததுதான் டேங்க் தொப்பி. இதைச் சொன்னதும் வந்தவர்கள் முகம் கொஞ்சம் வாடிப்போகும். "அவ்வளவுதானா?" என்பார்கள். அவ்வளவுதானாவா! போய் ஒரு தடவை இடித்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று வாய் வரைக்கும் வரும். காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இடியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. பீன்யா தொழிற்பேட்டையில் இருசக்கர வண்டி ஹெல்மெட் செய்கிற ஒரு கம்பெனியில் சோதனைக் கூடம் என் பொறுப்பு. ஒரே தடவையில் செய்து அடுக்குகிற ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில ஹெல்மெட்டை எடுத்து, உலோகத்தில் செய்த ஒரு தலைக்கு மாட்டி, உயரத்திலிருந்து இரும்புக் கட்டையின் மேல் போட்டுப் பார்ப்போம். அந்த உலோகத் தலைக்கு எங்கள் கூடத்தில் 'மொட்டை' என்று பெயர். மொட்டைக்கு எவ்வளவு அடி பட்டது என்று மெஷின் சொல்லும். அடி அதிகம் என்றால் அந்த லாட் வெளியே போகாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி மேனேஜர் கன்னடத்தில் குழைவார். மண்டை அட்ஜஸ்ட் ஆகாது சார் என்று முடித்துவிடுவேன். என்னைக் கண்டால் அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு ஆகாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

"பகல் முழுக்கத் தொப்பி உடைக்கிறா, வீட்டுக்கு வந்து தொப்பி சேர்க்கிறா" என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டார். அல்சூரில் எங்களுடையது பழைய வீடு. ஹாலில் ஒரு சுவர் முழுக்க என் கண்ணாடி அலமாரிதான். ரஷ்யாக்காரர்கள் போட்டது கறுப்புக் கான்வாஸ் தொப்பி. உச்சியில் வரிவரியாகத் திண்டு, காதுக்கு மேல் ஹெட்போன் வைக்கப் பை. அமெரிக்காக்காரர்கள் போட்டதில் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருக்கும், காதை மூடத் தோல் மடல். பிரிட்டிஷ்காரர்களின் துணித் தொப்பி ஒன்று இருக்கிறது, சுத்தக் கறுப்பு. ஏன் கறுப்பு? கிரீஸ் கறை தெரியாது, அதுதான் ரகசியம். தலைப்பாகை கட்டிய நம் சிப்பாய்கள் எந்தத் தொப்பியும் வேண்டாம் என்று தலைப்பாகைக்கு மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனார்கள். அப்படி மாட்டிய ஹெட்போன் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மார்பு நிமிரும்.

அலமாரிக்குச் சட்டம் உண்டு. தொப்பியைத் துவைக்கக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது, முக்கியமாகத் தலையில் வைக்கக் கூடாது. எண்பது வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் பயந்து வேர்த்த வேர்வை அந்தத் தோல் பட்டையில் கறையாக இருக்கிறது. அதன் மேல் நம் ஷாம்பூ வாசனையைப் பூச நாம் யார்? ஒரு தடவை என் நாத்தனார் மகளின் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் ரஷ்யத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தான். நான் போட்ட சத்தத்தில் அந்தப் பிள்ளை வாசல் வரைக்கும் தொப்பியோடு ஓடி, அப்புறம் திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனான். கல்யாண வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது மூத்தது. நான் முதலில் சேர்த்தது என்பதால் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய டேங்க் படை போட்ட ஃபைபர் தொப்பி. கறுப்பு ஓடு, நெற்றிக்குக் குறுக்கே தடித்த திண்டு, உள்ளே தோலில் வலை. ஃபைபர் என்றால் இப்போதைய பிளாஸ்டிக் இல்லை. பருத்திக் கந்தலைக் காகிதமாக்கி, மருந்தில் ஊறவைத்து, அடுக்கி அழுத்திய பலகை. அதை சிவாஜிநகர் பக்கம் ஒரு குஜ்ரிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், சிமெண்ட் அள்ளுகிற சட்டியாகக் கண்டுபிடித்தேன். கொத்தனார் ஒருவர் கொண்டுவந்து போட்டதாம். கடை பாய் என் முகத்தைப் பார்த்ததுமே விலையை ஏற்றினார். நான் முகத்தை மாற்றிக்கொள்ள மறந்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தபோது குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருகிற மாதிரி இருந்தது. எனக்குக் குழந்தை இல்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

போர்க்காலச் சாமான் சேர்க்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கண்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹாலில் கூடிக் கண்காட்சி வைப்போம். பெரும்பாலும் ஆம்பிளைகள். மெடல், கத்தி, பட்டன், பழைய ஜீப் என்று ஆளுக்கு ஒன்று. முதல் வருஷம் ஒருவர், "மேடம், வெள்ளிப் பாத்திரம் சேர்க்கறவங்க கூட்டம் பக்கத்து ஹால்ல" என்றார். மேஜை மேல் மூத்ததை எடுத்து வைத்தேன். அவர் வாய் மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது அந்தத் தொப்பியால்தான்.

வேறு யாரிடமும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, போன வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் காலைவரைக்கும்தான்.

எங்கள் ஹெல்மெட்டுக்கு உள்ளே வைக்கிற தெர்மகோல் ஹெப்பகோடியில் ஒரு சின்ன ஃபேக்டரியிலிருந்து வருகிறது. அதைப் பார்வையிடக் கம்பெனிக் காரில் போய்க்கொண்டிருந்தேன். ஓசூர் ரோடு வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு மொபெட். பின்னால் ஆள் உயரத்துக்கு வாழையிலைக் கட்டு, ஈரச் சாக்கு சுற்றியது. ஓட்டுகிறவர் கட்டுக்கு முன்னால் ஒண்டிக்கொண்டிருந்தார். சிக்னலில் அவர் லேசாகத் தலையைத் திருப்பினார். கறுப்பு ஓடு. நெற்றிக்குக் குறுக்கே திண்டு.

அடக் கடவுளே என்று சத்தமாகவே கத்திவிட்டேன். டிரைவர் பிரேக்கில் காலை வைத்துவிட்டார்.

அந்த நேரத்துக்கு ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் மொபெட்டை ஓரம் கட்டினார். "ஏனு அஜ்ஜா இது, ஹெல்மெட்டா, பாத்ரேயா?" என்று கேட்டார். என்ன தாத்தா இது, ஹெல்மெட்டா பாத்திரமா என்கிறார். இலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சல்யூட் அடித்தார். "மிலிட்ரி ஹெல்மெட் சார்!" போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போ போ என்று கையைக் காட்டினார். நான் தெர்மகோலை மறந்தேன். "அந்த வண்டி பின்னாலயே போப்பா" என்றேன் டிரைவரிடம்.

எலக்ட்ரானிக் சிட்டி மெஸ்களில் இலை போட்டுவிட்டு அவர் சந்தாபுராவில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறவரைக்கும் விடவில்லை. இறங்கினதும் தொப்பியைக் கழற்றி முதலில் துண்டால் துடைத்தார், அப்புறம்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுபது தாண்டிய வயசு, ஒல்லி உடம்பு, வாழைக்கறை படிந்த கை. நான் போய் நின்று, அண்ணா அந்தத் தொப்பியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். 

"பாருங்கம்மா, ஆனா விக்கறதுக்கில்ல" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

மூத்ததைவிட நூறு பங்கு நன்றாக இருந்தது. உள்ளே தோல் வலை அப்படியே. தாடைப் பட்டையில் பக்கிள் கூட அசல். நெற்றித் திண்டுக்கு மேலே மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய கறை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இலை அறுக்கிற அரிவாள், வண்டி, தொப்பி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்களாம். ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து தகடு மாதிரி ஆகியிருந்தது. என் சட்டப்படி அது மகா பாவம். ஆனாலும் பார்க்க நன்றாக இருந்தது, என்ன செய்ய.

"எங்கப்பா பர்மாவுல டேங்க்ல இருந்தாரு" என்றார் இலைக்காரர். "ஓடைக் கரையில டேங்க் குப்புறக் கவுந்துச்சாம். உள்ள இருந்தவங்க எல்லாருக்கும் மண்டையில அடி. எங்கப்பாவுக்கு இந்தத் திண்டுல அடி. இதோ பாருங்க பள்ளம். இது எங்கப்பா மண்டையில விழ வேண்டியது. அன்னிக்கு விழுந்திருந்தா நான் ஏது? போர் முடிஞ்சு அனுப்பறப்ப இதையும் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. அவரைக் காப்பாத்துச்சு, என்னையும் காப்பாத்தும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் நான் தொப்பி சேர்க்கிறவள் மட்டும் இல்லையே. விரலால் அந்தக் கறுப்பு ஓட்டின் மேல் லேசாக அழுத்திப் பார்த்தேன். காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு சின்னச் சத்தம். இந்த மனுஷன் இதைப் போட்டுக்கொண்டா லாரிகளுக்கு நடுவில் தினம் போய் வருகிறார்?

"அண்ணா, இது உங்க அப்பாவைக் காப்பாத்துச்சு, சத்தியமா நம்பறேன். ஆனா அப்ப இது புதுசு. இப்ப இது கிழவன். ரோட்டுல விழுந்தா தாங்காது."

"டேங்க்குல போட்டதும்மா! ரோட்டுல தாங்காதா?" என்று சிரித்தார். அவருடைய மனைவி உள்ளிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தவர், சிரிக்கவில்லை. நெற்றியில் பெரிய பொட்டு வைத்த, வாட்டசாட்டமான அம்மாள். "நானும் வருஷக்கணக்கா சொல்றேன் மேடம். அப்பா அப்பான்னு அதையே புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. மழை வந்தா ரோடு வழுக்கும், பின்னால பாரம். வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "நிஜத்தைச் சொல்லு. உனக்கு அக்கறை அந்தாளு தலை மேலயா, தொப்பி மேலயா?"

"ரெண்டு மேலயும்தான்!" என்று எரிந்து விழுந்தேன். எதற்கு மறைக்க? அந்தத் தொப்பி என் நடுத்தட்டில் இருக்கிற மாதிரி அன்றைக்கு நான் கண்ட கனவு எனக்குத்தான் தெரியும். ஆனால் கனவில் தொப்பிக்கு உள்ளே அவர் தலையும் இருந்தது. அதுதான் தொல்லை.

அடுத்த வாரம் எங்கள் கம்பெனி ஹெல்மெட் ஒன்றை அவருக்கு எடுத்துக்கொண்டு போனேன். நானே சோதித்துக் கையெழுத்துப் போட்ட லாட். உள்ளே எங்கள் கூடத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மரியாதையாக வாங்கிக்கொண்டார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "தெர்மகோலா? பிள்ளையார் பந்தல் ஜோடிக்கற சாமானாச்சே!" என்றார். சரி, போடுவார் என்று நம்பி வந்தேன். பத்து நாள் கழித்து அதே ஓசூர் ரோட்டில் பார்க்கிறேன்: தலையில் அப்பாவின் தொப்பி, ஹேண்டில்பாரில் என் ஹெல்மெட் தொங்குகிறது! போலீஸ்காரருக்குக் காட்டவாம். எனக்கு வந்ததே கோபம்! ஜன்னலை இறக்கி, "அண்ணா, ஹேண்டில்பாருக்கா மண்டை இருக்கு?" என்று கத்தினேன். சுற்றி நின்ற பைக்குக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் போடவில்லை.

அன்று சாயங்காலம் சந்தாபுராவுக்கே போய்ச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், வாயால சொன்னா என்னைக்கும் முடியாது. உங்க உத்தியோகமே போட்டு உடைக்கறதுதானே? கண்ணால காட்டுங்க, ஒத்துக்கறேன். ஆனா எங்கப்பா தொப்பி மேல ஒரு கீறல் விழக் கூடாது" என்றார்.

நியாயமான பேச்சு.  இதே மாதிரி தொப்பி இன்னும் ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு அலமாரி முன்னால் நின்றேன். கண்காட்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை. மூத்தது நடுத்தட்டிலிருந்து என்னையே பார்த்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம், இந்தக் கிழவர் யார் எனக்கு, சொந்தமா பந்தமா, எத்தனை பேர் ஹெல்மெட்டே இல்லாமல் போகிறார்கள், அவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்தேன் என்று தோன்றியது. இன்னொரு பக்கம், அந்த அம்மாள் செம்போடு நின்ற நிற்பு. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். ஏதாவது கேலி செய்வார் என்று காத்திருந்தேன், திட்டவாவது ஒரு ஆள் கிடைப்பாரே என்று. அவர் அலமாரிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், ஷிஃப்ட் முடிந்த பிறகு, மேனேஜரிடம் சொல்லிவிட்டு, இலைக்காரரையும் அவர் மனைவியையும் பீன்யாவுக்கு வரவழைத்தேன். இரண்டு பேரும் கோயிலுக்கு வருகிற மாதிரி நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். அவர் மடியில் அப்பாவின் தொப்பி, துண்டில் சுற்றி.

முதலில் எங்கள் ஹெல்மெட்டை மொட்டைக்கு மாட்டி மேலே ஏற்றி விட்டேன். தொம்மென்று விழுந்தது. எடுத்துக் காட்டினேன். வெளி ஓட்டில் கீறல், உள்ளே தெர்மகோல் ஒரு பக்கம் நசுங்கிப் பள்ளமாகிவிட்டது.

"பாத்தீங்களா! உங்களுது நசுங்கிப்போச்சு!" என்று இலைக்காரர் வெற்றி பெற்றவர் மாதிரி எழுந்தே விட்டார்.

"நசுங்கணும்ண்ணா! அதுக்குத்தான் அதை வெச்சிருக்கு. அடியை அது வாங்கிக்கிட்டு சாகும், உங்க தலை வீட்டுக்குப் போகும். மெஷினைப் பாருங்க, மொட்டைக்கு ஒண்ணும் ஆகல." அவர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை.

அப்புறம் பையிலிருந்து மூத்ததை எடுத்தேன். கையுறை போட்டிருந்தேன். அவர் அதைப் பார்த்ததும் தன் மடியில் இருந்ததைத் துண்டோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இது ஏதும்மா? இதே ஜாதி?"

"இது என்னோடது."

மொட்டைக்கு மாட்டித் தாடைப் பட்டையை இழுத்துக் கட்டினேன். பக்கிளில் விரல் இரண்டு தடவை வழுக்கியது. மேலே ஏற்றினேன். பட்டன் மேல் விரல். எத்தனை வருஷமாக எத்தனை ஹெல்மெட்டை அப்படிப் போட்டிருக்கிறேன்! அன்றைக்கு அந்தப் பட்டன் மலை மாதிரி இருந்தது. அமுக்கினேன்.

கொட்டாங்குச்சி உடைகிற மாதிரி ஒரு காய்ந்த சத்தம். அதோடு கூடவே இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம், டங்கென்று. அதுதான் முக்கியம். ஓடு நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் இரண்டாகப் பிளந்து, மொட்டை வெறும் தலையாகப் போய்க் கட்டையில் இடித்திருந்தது. மெஷினில் சிவப்பு எரிந்தது. நான் சிவப்பைப் பார்க்கவில்லை. தரையில் ஓட்டின் ஒரு சில்லு சுழன்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்தேன்.

 இலைக்காரர் மெதுவாக எழுந்து மொட்டைக்குக் கிட்டே போனார். அதன் உச்சியை உள்ளங்கையால் தடவினார். அப்புறம் அதே கையால் தன் தலையைத் தடவிக்கொண்டார். கீழே குனிந்து உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எல்லாவற்றையும் தன் தோள் துண்டில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்காவாம்மா இதை உடைச்சீங்க?"

"உங்க பிடிவாதத்துக்காக உடைச்சேன்!" என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசில், என் சோதனைக் கூடத்தில், வாய்விட்டு அழுதேன். அந்த அம்மாள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். இலைக்காரர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்த அப்பாவின் தொப்பியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இதை நீங்க வெச்சுக்குங்க. உங்களுக்குத்தான் நியாயம்."

நான் அவ்வளவு நாள் எதற்கு ஆசைப்பட்டேனோ அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் அதன் நெற்றியில் அத்தனை வருஷக் குங்குமம். என் அலமாரியில் அதற்கு யார் பொட்டு வைப்பார்கள்? "வீட்டுல வெச்சுக்குங்கண்ணா. உங்க அப்பா உங்ககூடவே இருக்கட்டும். ரோட்டுக்கு மட்டும் இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. ஒரு தடவை அடி வாங்கிட்டா மறுபடி போடாதீங்க" என்று புது ஹெல்மெட் ஒன்றை அவர் தலையில் நானே வைத்துத் தாடைப் பட்டையை மாட்டினேன். கொஞ்சம் இறுக்கமாகவே மாட்டினேன்.

கண்காட்சிக்கு மூத்ததின் இரண்டு பாதியையும் துண்டுகளையும் வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தேன். பக்கத்தில் ஒரு அட்டை: 'சென்ற மாதம் பீன்யாவில் நானே உடைத்தேன். கேட்டால் காரணம் சொல்வேன்.' எல்லாரும் கேட்டார்கள். எத்தனை தடவை சொன்னேனோ, தொண்டை கட்டிவிட்டது. வெள்ளிப் பாத்திரம் என்று சொன்ன அதே மனுஷர் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "பைத்தியமா மேடம் உங்களுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து, அந்தத் துண்டுகளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த மாதிரி வேறு எந்த வருஷமும் உட்கார்ந்ததில்லை. அப்படி ஒரு கெத்து!

ஆயுத பூஜைக்கு இலைக்காரர் வீட்டிலிருந்து அழைப்பு. நானும் வீட்டுக்காரரும் பொரி, பழம் வாங்கிக்கொண்டு சந்தாபுரா போனோம். கதவைத் திறந்த இலைக்காரருக்கு முழங்கையில் கட்டு, தாடையில் தோல் உரிந்திருந்தது. எனக்குத் திக்கென்றது.

"ஒண்ணும் இல்ல வாங்க" என்று அவர் மழுப்பப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை. போன வாரம் மழையில், பாலத்து இறக்கத்தில், வண்டி சறுக்கி, இலைக் கட்டு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். தலை போய் நடுரோட்டுச் சுவரில் மோதியதாம். எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாக இலையைப் பொறுக்கினாராம்.  என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். 

உள்ளே மணைப்பலகையில் கோலம் போட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். இலை அறுக்கிற அரிவாள். மொபெட் சாவி. பர்மாவிலிருந்து வந்த தொப்பி. அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், எங்கள் கம்பெனி ஹெல்மெட். வலது பக்கம் காதிலிருந்து உச்சி வரைக்கும் விரிசல். குனிந்து உள்ளே பார்த்தேன். தெர்மகோல் நன்றாக நசுங்கிப் போயிருந்தது. அதற்குக் கீழே எங்கள் கூடத்து ஸ்டிக்கர், அதில் என் கையெழுத்து.

"அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதான் வேற ஒண்ணு வாங்கிட்டேன்" என்றார் இலைக்காரர். "இது அப்பா பக்கத்துல இருக்கட்டும். ரெண்டும் ஒரே வேலைதானே செஞ்சுது."

அந்த அம்மாள் குங்குமத் தட்டை என் முன்னால் நீட்டினார். "நீங்க வைங்க மேடம்."

தொப்பியில் எதுவும் பூசக் கூடாது என்பது என் சட்டம். வெறும் விரலால் சந்தனத்தைத் தொட்டு, அதன் மேல் குங்குமத்தைத் தொட்டு, முதலில் அப்பாவின் தொப்பிக்கு வைத்தேன். பிறகு விரிசலுக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டின் நெற்றியில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். விரலை எடுக்கவே மனம் வரவில்லை.

நான் தள்ளி நின்றதும் அந்த அம்மாள் குனிந்து, ஹெல்மெட்டில் நான் வைத்த பொட்டிலிருந்து ஒரு துளி எடுத்துத் தன் வகிட்டில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இலை போட்டாச்சு, சாப்பிட வாங்க" என்றார்.